தரையில் சோதித்தேன், சரியாக உள்ளது

விமானக் கொட்டகையில் அவரை எல்லாரும் அவசியத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வாசல் கதவு இயந்திரத்தைத் தவிர வேறு யாரும் அதைப் படித்ததில்லை.

எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இது அவசியமா?" புது ஸ்பேனர் வேண்டும் என்றாலும் அதே கேள்வி, பல்வலி என்று லீவு கேட்டாலும் அதே கேள்வி. பல்லைக் கேட்கிறாரா லீவைக் கேட்கிறாரா என்று கடைசிவரை தெரியாது. ஐம்பது பேர் உட்காரும் சின்ன ஜெட் விமானங்களுக்கு மின்சாரம் பார்ப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறார். அதற்கு முன்னால் ஒரு கடையில் மின்விசிறிக்குக் காயில் சுற்றினார். இப்போதும் எங்காவது மின்விசிறி கிறீச்சிட்டால் தலையைத் தூக்கிப் பழைய பகையாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

விமானத்தைத் தொடுவதற்கு ஓர் உரிமம், தொட்டது சரிதான் என்று கையெழுத்துப் போடுவதற்கு இன்னோர் உரிமம். இரண்டாவதற்கான பரீட்சையை அவர் நாலு தடவை எழுதினார். முதல் மூன்று தடவையும் தோற்றதற்குக் காரணம் படிக்காதது அல்ல. அரைப் பக்கம் கேட்ட கேள்விக்கு ஒரு வரி எழுதிவிட்டு எழுந்து வந்ததுதான். "அவசியமானதை மட்டும் எழுதினேன்" என்றார். திருத்தியவர்களும் அவசியமான மதிப்பெண்ணை மட்டும் போட்டார்கள். நாலாவது தடவை மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு வரி, இன்னும் ரெண்டே வரி" என்று குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி எழுதிப் பழக்கியதில் தேறினார். அப்போது கொடுத்த ரப்பர் முத்திரையில் பதினாலு என்று எண் இருந்தது. அதைத் தோல் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார். அப்போதும் தண்ணீர் படாத தூரத்தில், ஆனால் கண் படுகிற தூரத்தில்.

சின்ன ஜெட்டின் மின்சாரம் ஒன்றும் மாயமந்திரம் அல்ல. இரண்டு என்ஜினிலும் ஆளுக்கொரு ஜெனரேட்டர். வாலுக்குள் ஒரு குட்டி என்ஜின், அதற்கும் ஒரு ஜெனரேட்டர், கூப்பிட்டால் வரும். அப்புறம் பேட்டரிகள். இத்தனையும் கைவிட்டால் மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் காற்றாடி வெளியே வந்து தொங்கும். எதிர்க்காற்று அதைச் சுற்றும். அந்தக் கரன்ட்டில் விமானிக்கு வேண்டிய நாலு கருவியும் ஒரு ரேடியோவும் உயிர் பிழைத்துக்கொள்ளும்.

ஜெனரேட்டரில் பிறக்கும் கரன்ட் நேராக விளக்குக்குப் போய்விடாது. முதலில் தடித்த செப்புப் பட்டைகளுக்குப் போகும். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு கூட்டம் தொங்கிக்கொண்டிருக்கும். முதல் பட்டையில் விமானியின் கருவிகள். கடைசிப் பட்டையில் சமையலறை, அதாவது காபி கொதிக்கும் பாத்திரமும் சாப்பாடு சூடாக்கும் அடுப்பும். இரண்டு ஜெனரேட்டரும் எழுந்து நிற்கும்வரை எல்லாருக்கும் விருந்து. ஒன்று படுத்துவிட்டால் மற்றது அதன் பட்டைகளையும் சேர்த்துத் தன் தோளில் ஏற்றிக்கொள்ளும். பாரம் தாங்க வேண்டுமே, அதனால் யாரையாவது இறக்கிவிட வேண்டும். இறக்கிவிடுவது எப்போதும் சமையலறையைத்தான். ஓட்டெடுப்பு கிடையாது, நோட்டீஸ் கிடையாது. ரிலே என்ற ஒரு தானியங்கி ஸ்விட்ச் டக்கென்று கையை விட்டுவிடும். பிறகு எல்லாம் சரியானாலும் அந்தக் கை தானாக நீளாது; சமையலறைச் சுவரில் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் திரும்ப வரும்.

இந்த ஏற்பாட்டை வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரோ சில என்ஜினியர்கள் விமானத்துக்காக யோசித்தார்கள். அவசியத்தார் அதை வாழ்க்கைக்கே எடுத்துக்கொண்டார்.

வீட்டு நடைபாதையில் அவரே செய்த ஒரு ஸ்விட்ச் பெட்டி இருக்கிறது. சிவப்பு லேபிள் என்றால் அவசியம். மஞ்சள் என்றால் சுமார். வெள்ளை என்றால் தேவையில்லை. தெருவில் கரன்ட் போய் இன்வெர்ட்டர் ஓட ஆரம்பித்ததும் வெள்ளைகள் எல்லாம் தானாக விழுந்துவிடும். ஃபிரிட்ஜ் சிவப்பு. அவருடைய ரேடியோ சிவப்பு. திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் மனைவியின் தையல் மிஷின் வெள்ளை.

"ரேடியோ அவசியம், என் மிஷின் தேவையில்லையா?" என்று மனைவி பெட்டி மாட்டிய முதல் நாளே கேட்டார்.

"ரேடியோவுல செய்தி வரும்."

"என்ன செய்தி வரும்? கரன்ட் போச்சுன்னா? அதான் எனக்கே தெரியுதே."

அவசியத்தார் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். பதில் அவசியமில்லை என்று நினைத்திருப்பார்.

மனைவியின் தம்பியும் அதே விமான நிலையத்தில்தான் வேலை பார்க்கிறார். நிற்கும் விமானத்துக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் வண்டியை ஓட்டுகிறவர். டீசல் என்ஜினும் ஜெனரேட்டரும் ஏற்றிய மஞ்சள் வண்டி. பின்னால் மனிதனின் கை தடிமனில் ஒரு கேபிள். அதை விமானத்தின் வயிற்றில் செருகினால் என்ஜின் ஓடாமலே உள்ளே எல்லா விளக்கும் எரியும். மச்சானுக்குத் தன் வண்டிமேல் தாங்க முடியாத பெருமை. "நான் சொருகலைன்னா உங்க விமானம் வெறும் தகர டப்பா, மாமா" என்பார். அவசியத்தாரும் மறுக்க மாட்டார். சோதனை என்றால் அவருக்கு அந்த வண்டிதான். என்ஜினை ஓட்டிச் சோதிக்க வேண்டுமென்றால் மேலாளரிடம் கேட்க வேண்டும், எரிபொருள் வேண்டும், ஓட்ட ஆள் வேண்டும், காதை அடைக்கப் பஞ்சு வேண்டும். வண்டிக்கு, "மாப்ள, வா" என்றால் போதும்.

முதல் புகார் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. கேபின் பதிவேட்டில், பள்ளிக்கூட நோட்டில் எழுதுகிற மாதிரி உருண்டை உருண்டையான எழுத்தில்: 'மேலே ஏறும்போது சமையலறையில் கரன்ட் போனது. பொத்தானை அழுத்தியதும் வந்தது.' எழுதியது ஒரு பணிப்பெண். வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான், ஒப்பந்த வேலை.

அவசியத்தார் அதைக் கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தார். "கேட்டுக்கோங்கப்பா. காபி ஆறிப்போச்சாம். தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுங்க."

இறக்கைக்கடியில் படுத்திருந்தவர்கள் சிரித்தார்கள். மச்சான் வண்டியைக் கொண்டுவந்து செருகினார். அடுப்பு சூடானது. காபிப் பாத்திரம் கொதித்தது. விளக்குகள் ஜம்மென்று எரிந்தன. அவசியத்தார் பதிவேட்டில் எழுதினார்: 'தரையில் சோதித்தேன், சரியாக உள்ளது.' முத்திரையை ஊதி, குத்தினார். பதினாலு.

ஐந்து நாள் கழித்து அதே விமானம், அதே உருண்டை எழுத்து, அதே புகார். அதே வண்டி, அதே வரி, அதே பதினாலு. மூன்றாவது தடவை, பதினோராம் நாள், பதிவேடு வருவதற்கு முன்னால் அந்தப் பெண்ணே கொட்டகைக்கு வந்துவிட்டாள். சீருடை கசங்கவில்லை, கொண்டை கலையவில்லை. எண்ணெய்த் தரையில் வழுக்காமல், சின்னச் சின்ன அடி வைத்து நேராக அவருடைய மேஜைக்கு வந்தாள். கையில் ஒரு வாந்திப் பை. அவசியத்தார் ஒரு அடி பின்வாங்கினார்.

"காலிப் பைதான் சார். பின்னாடி எழுதியிருக்கேன், வேற பேப்பர் கிடைக்கல. நீங்கதானே சமையலறை பாக்கறவர்?"

"நான் விமானம் பாக்கறவன். சமையலறை அதுல ஒரு மூலை."

"அந்த மூலையிலதான் சார் நான் நிக்கறேன்."

இறக்கைக்கடியில் யாரோ இருமினார்கள். அவசியத்தாருக்குக் காது சிவந்தது.

"சொல்லும்மா. என்ன விஷயம்?"

"மூணு தடவை எழுதியாச்சு. மூணு தடவையும் சரியா இருக்குன்னு வருது."

"இன்னிக்கு எழுதினதை இன்னும் நான் பாக்கவே இல்ல."

"பாத்தா என்ன எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியும் சார்."

அது அவருக்கும் தெரியும். "சரியா இருந்தா சரியா இருக்குன்னுதானேம்மா எழுத முடியும்?"

"மேல போனா போயிடுது சார். கிளம்பி ஆறு ஏழு நிமிஷத்துல. நேரம் எல்லாம் இதுல குறிச்சிருக்கேன்."

"பொத்தான்ல முழங்கை பட்டிருக்கும்."

அவள் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "அடுத்த தடவை ரெண்டையும் கழட்டி உங்க மேஜையில வெச்சுட்டு ஏறட்டுமா சார்?"

இந்தத் தடவை இருமல் இல்லை, வெளிப்படையான சிரிப்பு. அவசியத்தார் எழுந்து நின்றார். இருபத்திரண்டு வருஷமும் சேர்ந்து எழுந்து நின்றது.

"ஏம்மா, காபி சூடா இல்லைன்னா விமானம் விழுந்துடாது. அது அவசியமான பட்டை இல்ல. அதைக் கட் பண்ணிட்டாலும் விமானம் பறக்கும். உன் வேலையை நீ பாரு, என் வேலையை நான் பாக்கறேன்."

அவள் வாந்திப் பையை அவர் மேஜையில் வைத்துவிட்டு, வந்த மாதிரியே சின்னச் சின்ன அடி வைத்துப் போய்விட்டாள். அவசியத்தார் மச்சானைக் கூப்பிட்டார். வண்டி வந்தது. அடுப்பு சூடானது. மூன்றாவது பதினாலு விழுந்தது. பிறகு டீ வந்தது. கிளாஸை வைக்க வாகாக மேஜையில் ஒரு காகிதப் பை இருந்தது.

மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை மதியம், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே மச்சான் செய்தி கொண்டுவந்தார். அவர் வண்டி எல்லா விமானத்துக்கும் போகும். அதனால் எல்லா விமானத்தின் வம்பும் அவருக்கு வரும்.

"மாமா, அந்த வாந்திப் பைப் பொண்ணு இருக்குல்ல, அது வேலை காலி."

"ஏன்?"

"மூணு தடவையும் சாப்பாடு பாதி சூட்டுல நின்னு, சின்னப் பயணம்ங்கறதால திரும்பச் சூடாக்க நேரமில்லாம கெட்டுப்போச்சாம். அத்தனையும் குப்பை. சாப்பாடு சப்ளை பண்றவன் புகார் குடுத்துட்டான். அந்தப் பொண்ணு, கரன்ட் போச்சுங்குது. கரன்ட் நல்லா இருந்துச்சுன்னு ஃபைல்ல இருக்கு. அப்போ அடுப்பைப் போட மறந்துட்டு, மாட்டிக்கிட்டதும் பொய் சொல்லுதுன்னுதானே ஆகுது? நாளைக்குக் காலைல விசாரணை. மாசக் கடைசியில ஒப்பந்தம் முடியுது, புதுப்பிக்க மாட்டாங்க."

"கரன்ட் நல்லா இருந்துச்சுன்னு யார் சொன்னது?"

மச்சான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "நீங்கதான், மாமா. மூணு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்காங்க. முத்திரை பளிச்சுன்னு விழுந்திருக்காம்."

ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, முத்திரை பளிச்சென்று விழுந்ததில் அவசியத்தாருக்குச் சந்தோஷமாக இருந்தது. மனுஷன் அப்படித்தான். அடுத்த விநாடி டீ கிளாஸைத் தூக்கிப் பையை எடுத்தார். அதற்குள் அதில் ஏழெட்டு டீ வட்டங்கள் விழுந்திருந்தன. வட்டங்களுக்கு நடுவே நேரங்கள்: கிளம்பி ஆறு நிமிஷம், ஏழு நிமிஷம், ஆறரை நிமிஷம். அதற்குக் கீழே, வட்டத்துக்குள் வட்டமாக மாட்டியிருந்த ஒரு வரி: 'முதலில் சீட்டுக்கு மேலே உள்ள வாசிப்பு விளக்குகள் ஒரு தடவை கண் சிமிட்டும். அப்புறம்தான் அடுப்பு போகும்.'

அவசியத்தார் மென்றுகொண்டிருந்ததை மெல்லாமல் விழுங்கினார்.

சமையலறை மட்டும் போயிருந்தால் அது சமையலறைக் கோளாறு. விளக்கும் சேர்ந்து சிமிட்டுகிறது என்றால், யாரோ ஒருத்தர் பாரத்தைக் கீழே போட்டு இன்னொருத்தர் தோளில் வாங்கியிருக்கிறார். அந்தக் கைமாற்றத்தில்தான் விளக்கு ஒரு இமைப்பு இமைக்கும். ஜெனரேட்டர் ஒன்று நடுவானில் கையை விட்டிருக்கிறது. மூன்று விநாடியில் திரும்பவும் பிடித்துக்கொண்டிருக்கும். விமானியின் திரையில் ஒரு வரி எழுந்து, அவர் பார்ப்பதற்குள் அடங்கியிருக்கும். பார்த்திருந்தாலும், அடங்கிவிட்டதை யார் எழுதப் போகிறார்கள். ஆனால் அந்த மூன்று விநாடியில் ரிலே தன் கடமையைச் செய்து சமையலறையை இறக்கிவிட்டிருக்கிறது. அடுப்பு அணைந்தது நோய் அல்ல. நோயைச் சொல்லிக்கொண்டு வந்த ஒரே சாட்சி அதுதான்.

இதைவிட மோசமான ஒன்று அதற்குப் பின்னால் மெதுவாக வந்து அவர் மண்டையில் உட்கார்ந்தது. மச்சானின் வண்டியைச் செருகினால் விமானத்தின் ஜெனரேட்டருக்கு வேலையே கிடையாது. எல்லாக் கரன்ட்டும் வண்டியிலிருந்து வரும். மூன்று தடவையும் அவர் சோதித்துப் பார்த்தது மச்சானின் வண்டியைத்தான். வண்டி அருமையாக இருந்தது. அதற்குத்தான் மூன்று முத்திரையும்.

"என்ன மாமா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு? வண்டி கொண்டாரட்டுமா?"

"வேண்டாம் மாப்ள. வண்டியைக் கண்ணுல காட்டாதே."

விமானம் அன்று மதியம் கொட்டகையில்தான் நின்றது. அதன் தரைப்பலகைக்கடியில் இருக்கும் கருவி அறைக்குள் அவசியத்தார் குனிந்து நுழைந்தார். ஒவ்வொரு ஜெனரேட்டருக்கும் காவலாக ஒரு பெட்டி உண்டு. எப்போது பிடி, எப்போது விடு என்று கட்டளை போடுகிற பெட்டி. இரண்டாம் ஜெனரேட்டரின் பெட்டியைக் கழற்றினார். அதற்குப் போகும் கேபிளின் முனையில், தேன்கூடு மாதிரி, ஐம்பத்தைந்து பின்கள். ஊசி போன்ற ஒரு கருவியை எடுத்து ஒவ்வொரு பின்னையும் மெல்லத் தள்ளிப் பார்த்தார். அசையக் கூடாது. முப்பத்தாறு வரைக்கும் ஒன்றும் அசையவில்லை. முப்பத்தேழாவது, வெட்கப்பட்ட பிள்ளை மாதிரி, கடுகளவு பின்னுக்குப் போனது.

'பிடித்துக்கொண்டே இரு' என்ற கட்டளை போகும் பின் அது. தரையில் நிற்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும். வேகமெடுத்து மேலே ஏறும்போது, விமானம் அதிரும் அந்த ஆறு ஏழு நிமிஷத்தில், கடுகளவு விலகும். ஜெனரேட்டர் கையை விடும். மறுபடி ஒட்டும்.

அவர் அந்தக் குறுகலான அறையில் முழங்காலிட்டபடி மிச்சப் பின்களையும் தள்ளிப் பார்த்தார். வேறு ஒன்றும் அசையவில்லை.

பின்னை மாற்றி முடித்து மேலாளரிடம் போனார். மேலாளர் நல்ல மனுஷர். நல்ல மனுஷராக இருப்பதற்காகவே அவருக்குக் கண்ணாடி அறை கொடுத்திருந்தார்கள்.

"பிரமாதம்" என்றார் மேலாளர். "இந்த மாதிரி ஒரு பின்னைக் கண்டுபிடிக்க உங்களை விட்டா ஆள் கிடையாது. என்ஜினை ஓட்டிப் பாத்துடுங்க, நான் சொல்லிடறேன். புதுசா ஒரு பக்கம் எழுதுங்க. வழக்கமான சோதனையில் கண்டு சரிசெய்யப்பட்டதுன்னு."

"பழைய மூணு பக்கம் சார்?"

"அதுக்கு ஏன் போகணும்? அது முடிஞ்சு போனது."

"அந்தப் பக்கத்துலதான் சார் அந்தப் பொண்ணு மாட்டியிருக்கு."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது கேபின் பிரிவு. நம்ம பிரிவு இல்ல. பாருங்க, என் சோதனை தப்புன்னு நீங்களே எழுதினா, நான் உங்க முத்திரையை வாங்கி வெச்சாகணும். எனக்கு இஷ்டமில்லதான். ஆனா விதி. திரும்ப முதல்லேருந்து பரீட்சை." அன்போடு சேர்த்தார்: "நாலு தடவை எழுதின ஆள் நீங்க."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மனைவி ஜன்னலோரம் மிஷினில் உட்கார்ந்து, யாருடைய வரவேற்பறைக்கோ நீலத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தார். அறை முழுக்கத் துணி. அவசியத்தார் துணியை ஒதுக்கி ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, அவசியமானதை மட்டும் சொன்னார். மனைவிக்கு அவருடைய ஒரு வரியை அரைப் பக்கமாக்கிப் புரிந்துகொள்ளத் தெரியும்.

"எத்தனை நாள் அப்படிப் பறந்துச்சு?"

"பதினாலு நாள்."

"ஏறினவங்க எல்லாம்?"

"அதெல்லாம் பயமில்ல. ஒண்ணு விட்டா இன்னொரு ஜெனரேட்டர் இருக்கு. அதுவும் போனா வால்ல ஒண்ணு இருக்கு. பேட்டரி இருக்கு. கடைசியா காத்தாடி இருக்கு."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அந்தப் பொண்ணுக்கு என்ன இருக்கு?"

அவசியத்தார் பக்கத்தில் கிடந்த துணியை மடிக்க ஆரம்பித்தார்.

"நீங்க எழுதலைன்னா அதுக்கு வேற ஏதாவது இருக்கான்னு கேக்கறேன்."

"ஒண்ணுமில்ல. என் மூணு பக்கம்தான் இருக்கு."

"எழுதினா உங்களுக்கு?"

"முத்திரை போயிடும். இந்த வயசுல திரும்பப் பரீட்சை. நேத்து வந்த பசங்ககூட உக்காந்து. தேறலைன்னா கடைசிவரைக்கும் அடுத்தவன் முத்திரைக்குக் கீழதான் வேலை."

மனைவி மிஷினில் அடுத்த மடிப்பைச் செருகினார். ஊசி நாலு தையல் ஓடி நின்றது. "அப்ப பாதி வயசுக்காரங்க உங்களைக் கேலி பண்ணுவாங்க" என்றார். "பண்ணட்டும். நான் பண்ணலையா, இத்தனை வருஷமா? செத்தா போயிட்டீங்க?"

மனைவி மிஷினை மறுபடி ஓட்டினார். இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவசியத்தார் வாதாடியிருப்பார்.

காலையில் அவர் பதிவேட்டைத் திறந்து எழுதினார். பரீட்சையில்கூட அவ்வளவு எழுதியதில்லை. முக்கால் பக்கம். முதல் மூன்று சோதனையும் வெளிவண்டியின் மின்சாரத்தில் செய்தது, அந்தச் சோதனையில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது, சோதித்தவர் அதை யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. பணிப்பெண் எழுதியது மூன்று முறையும் சரி. அவள் கொடுத்த குறிப்பை வைத்துத்தான் கோளாறு கிடைத்தது. வாந்திப் பையைப் பசை தடவி அந்தப் பக்கத்திலேயே ஒட்டினார். கீழே முத்திரை குத்தும்போது பை ஒட்டிய தாள் மேடாக இருந்ததால் பதினாலு சாய்ந்து விழுந்தது.

விசாரணை அறைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. கதவைத் தட்டிவிட்டு, யாரும் உள்ளே வா என்பதற்குள் போய்விட்டார். நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், கண்ணாடி டம்ளர்கள், நடுவில் பிஸ்கட் தட்டு. ஒரு பக்கம் கேபின் பிரிவின் தலைவி. பக்கத்தில் சாப்பாடு சப்ளைக்காரர். எதிர்ப்பக்கம், தனியாக, அந்தப் பெண்.

"நீங்க யாரு?" என்றார் தலைவி.

"பதினாலு."

"என்ன?"

"அந்த ஜெராக்ஸ்ல இருக்கற முத்திரை மேடம். அது நான்தான்."

பதிவேட்டை விரித்து வைத்தார். தலைவி படித்தார். வாந்திப் பை ஒட்டிய இடத்தில் கொஞ்சம் தயங்கி, மறுபடியும் படித்தார். "புரியல. அடுப்பை இவங்க போட மறக்கலைன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

அவசியத்தார் மேஜையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு தண்ணீர் பாட்டிலை முன்னால் இழுத்து நிறுத்தினார். "இது ரெண்டும் ஜெனரேட்டர்." டம்ளர்களை வரிசையாக வைத்தார். "இது விமானி. இது விளக்கு. இது காத்து." பிஸ்கட் தட்டைக் கடைசியில் வைத்தார். "இது சமையலறை." பிறகு ஒரு பாட்டிலைத் தூக்கித் தரையில் வைத்தார். "ஒண்ணு போச்சு. மிச்சம் இருக்கறது எல்லாரையும் தாங்கணும். அப்ப விமானம் என்ன பண்ணும் தெரியுமா?"

சப்ளைக்காரர் அந்த நேரம் பார்த்து ஒரு பிஸ்கட்டுக்குக் கை நீட்டினார். அவசியத்தார் தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இதான் பண்ணும்" என்றார்.

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"அடுப்பு போட மறந்தது மட்டும்னா பொத்தானை அழுத்த வேண்டி வந்திருக்காது மேடம். விளக்கும் சிமிட்டியிருக்காது. இந்தப் பொண்ணு அடுப்பைப் போட்டு, பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருந்ததாலதான் எங்களுக்கு ஜெனரேட்டர் போறது தெரிஞ்சுது. எனக்குத் தெரியறதுக்கு இன்னும் மூணு நாள் ஆச்சு. அது இவங்க தப்பு இல்ல."

தலைவி பதிவேட்டை மூடினார். "அப்படின்னா நீங்க சோதனையே பண்ணாம முத்திரை குத்தினீங்களா?"

"பண்ணினேன் மேடம். தப்பான சோதனையை ரொம்ப நல்லா பண்ணினேன்."

பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. புகார் திரும்பப் பெறப்பட்டதாக ஒரு கடிதம் அடித்தார்கள். ஒப்பந்தம் வழக்கம்போலப் புதுப்பிக்கப்படும் என்று அதில் ஒரு வரி. வருந்துகிறோம் என்ற சொல்லுக்கு அந்தக் கடிதத்தில் இடம் போதவில்லை. கண்ணாடி அறையில் மேலாளர் ஒரு உறையை நீட்டினார். அவசியத்தார் கழுத்திலிருந்து தோல் பையைக் கழற்றி, முத்திரையை உறைக்குள் போட்டார். மேலாளர் அதை ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, "அடுத்த பரீட்சை அஞ்சு மாசம் கழிச்சு" என்றார். நல்ல மனுஷர், தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வெளியே நடைபாதையில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் கடிதம்.

"நன்றி சொல்லணுமா சார்?"

"வேண்டாம்மா."

"நல்லது. எனக்கும் வரல." கடிதத்தை நாலாக மடித்தாள். "நாலு நாளா தூங்கல. என் அம்மாகிட்ட இன்னும் சொல்லவே இல்ல."

அவசியத்தார் தலையை ஆட்டினார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை எப்படி ஆரம்பிப்பது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அதனால் வாய் தனக்குத் தெரிந்த வேலைக்குப் போனது.

"அந்த விமானத்துல வேற ஏதாவது உண்டாம்மா?"

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "எட்டாவது வரிசையில காத்து வர்ற ஓட்டை சத்தம் போடுது. எழுதல. எழுதினா என்ன வரும்னு தெரியும்."

"இனிமே முத்திரை குத்தறது வேற ஆள். பாக்கறது நான்தான்." சட்டைப் பையில் பேனா இருந்தது, தாள் இல்லை. மேலாளர் கொடுத்த துண்டுச் சீட்டைத் திருப்பிச் சுவரில் வைத்துப் பிடித்தார். "இடது பக்கமா, வலது பக்கமா? எப்ப ஆரம்பிக்குது?"

"இடது. இறங்கும்போது மட்டும்."

"அதுக்கு முன்னாடி ஏதாவது நடக்குதா?"

"தெரியல சார். இன்னிக்கு மத்தியானம் பாக்கறேன்."

அவர் எழுதினார். அவள் எட்டிப் படித்தாள்.

"விசில் இல்ல சார். முனகல்னு போடுங்க."

அவர் விசில் என்பதன் மேல் கோடு இழுத்துவிட்டு, பக்கத்தில் முனகல் என்று எழுதினார்.